பார்க்கலாம்

வெள்ளிக்கிழமை. வெஸ்ட்வில் சிறை வாசல்.
காருக்குள் ஐந்து கைபேசிகளை வைத்துப் பூட்டுகிறேன்.
உள்ளாடைக் கம்பிக்கு இயந்திரம் அலறுகிறது.
போன வாரமே சொல்லியிருந்தேன், நொம்புசோ கேட்கவில்லை.
திரைக்குப் பின்னால் அழைத்துப் போகிறார்கள்.
லுவான்டிலே தரையைப் பார்க்கிறான்,
செத்துப்போன மாமாவின் கோட்டில்
தோள்கள் தொளதொளக்க.
இதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் மதிப்பெண் கிடையாது.

திரு. செலேவுக்கு ஐம்பத்தெட்டு வயது.
பரோல் குழு இருமுறை தள்ளிவைத்துவிட்டது.
கோப்பில் காரணம் ஒரே வரி:
அதிகாரியை மிரட்டினார்.

அவர் பேசுவது ஜூலு.
என் ஜூலு தக்காளி பேரம் பேசும் அளவுக்குத்தான்.
ஆக, மேற்பார்வையாளராகிய நான்
சுவரோரம் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து
இறுதியாண்டு மாணவியின்
வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நொம்புசோ சட்டென்று பேனாவைக் கீழே வைத்தாள்.
"மேடம், இவர் சொன்னது சிஸோபொனானா.
மிரட்டல் இல்லை. போய்வா என்பது மாதிரி.
சொல்லுக்குச் சொல் பார்த்தால்,
நாம் ஒருவரையொருவர் பார்ப்போம்."

பணி ஓய்வில் போன வார்டர் பிரின்ஸ்லூவிடம்,
பதினோரு வருடம் தன் கதவைப் பூட்டித் திறந்தவரிடம்,
கடைசி நாளில் சொன்னது.
பக்கத்தில் நின்ற இன்னொருவர்
அதை ஆங்கிலமாக்கி,
உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் என
எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கையெழுத்து: ஆர். முன்சாமி.

கெரிஷா நாயுடு தன் நகங்களை ஆராய்ந்தாள்.
மற்ற மூவரும் என்னைப் பார்க்கவில்லை.
அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

முன்சாமி, உங்களுக்குமா தெரியாது?
சாட்ஸ்வர்த்தில் நம் வாயில் மிஞ்சிய தமிழ் கொஞ்சம்தான்,
சோறு, சாமி, நாலைந்து வசவு.
அந்தக் கொஞ்சத்திலும் இது இருந்ததே.
பார்க்கலாம் என்றால் விடைபெறுவது.
பார்த்துக்கலாம் என்றால் ஆறுதல்.
பார்த்துக்கிறேன் என்றால்
அது சொல்கிறவனின் கழுத்து நரம்பைப் பொறுத்தது.
நரம்பைப் பார்த்தீர்களா?

நொம்புசோ பதினேழு பக்கம் எழுதி வந்தாள்.
அரசியல் சாசனம், கண்ணியம், தாய்மொழி,
நடுவில் ஒரு கனடா தீர்ப்பு.
என் சிவப்பு மை பதினான்கு பக்கத்தைத் தின்றது.
மிச்சத்தின் ஓரத்தில் கிறுக்கினேன்:
யார் கேட்டது? சாட்சி எங்கே?
அவளுக்குக் கண் கலங்கியது.
நான் பேனாவை மூடவில்லை.

லுவான்டிலே ஒன்பது தடவை அழைத்தான்.
பத்தாவதில், போர்ட் ஷெப்ஸ்டோன் கடற்கரையில்,
தூண்டில் கையுமாக, காற்றின் இரைச்சலுக்கு நடுவே
பிரின்ஸ்லூ கிடைத்தார்.
"சொன்னான். ஆமாம்.
நானும் அதையேதான் அவனுக்குத் திருப்பிச் சொன்னேன்.
என் மேல் யாரும் புகார் எழுதவில்லையே?"

இதைத் தனிப் பத்தியாக வை என்றேன்.
அடைமொழி எதுவும் சேர்க்காதே.

மூன்று பக்க மனு. அடியில் என் பெயர்.
பிழை அவர்களுடையதாக இருந்தாலும்
அடி என் பெயருக்குத்தான் விழும்.
முன்சாமிக்கும் ஒரு நகல் போகட்டும் என்றேன்.
உறையில் நானே எழுதினேன், ஆங்கிலத்தில்தான்.
ஆனாலும் நடு எழுத்தின் தலையில்
ஒரு புள்ளி வைக்கக் கை போனது.

குழு எப்போது கூடும் என்று யாரும் சொல்லவில்லை.
இவர்கள் நவம்பரில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள்.
அதற்குள் இன்னொரு வெள்ளிக்கிழமை,
மனுவின் பிரதியைக் கொடுத்துவிட்டு எழுந்தோம்.
செலே வாயைத் திறந்தார்.
கதவருகே நின்ற காவலரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.
கையை மட்டும் பாதி தூக்கினார்.

நொம்புசோதான் சொன்னாள், அறை முழுக்கக் கேட்கும்படி:
"சிஸோபொனானா, பாபா."

தொழில் பழக்கம். கடிகாரத்தைப் பார்த்துக்
கோப்பின் அட்டையில் குறித்துக்கொண்டேன்.
நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு.
கேட்டவர்கள் ஆறு பேர்.